மேடைக்கு அடியில் நாற்பது கிலோ

ஆலையில் அவளை ‘ஆட்டம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடுகிற இயந்திரங்களை அடக்குவதே பதினேழு வருடமாக அவள் பிழைப்பு.

கல் சலிக்கும் பெரிய சல்லடையின் இரும்பு மேடை, ஒரு வேகத்தைத் தொட்டதும் பேய் பிடித்ததுபோல் ஆடியது. மேடைக்கு அடியில் எஃகுப் பட்டை ஒன்றைப் பூட்டி, அதன் நுனியில் நாற்பது கிலோ எடையை மாட்டினாள். மேடை ஆடும்போது எடை எதிர்ப்பக்கம் ஆடி அதை அடக்கும். வெறும் சல்லடையை ஓட்டிப் பார்த்தபோது மேடைமேல் வைத்த தண்ணீர்கூட அலுங்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கல் ஏற்றி ஓட்டிய மூன்றாம் நாள் எடை பிய்த்துக்கொண்டு விழுந்தது. கீழே இருந்த ஃபிட்டர் அவளுடைய அக்கா கணவர். வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“அக்கா, ஏதாவது பேசேன்.”

“நீ சரின்னு சொன்னதாலதானடி அவரு அடியில போனாரு?”

அன்றிரவே அவள் கணக்கை முதலிலிருந்து போட்டாள். மேடையைத் தாங்கும் ரப்பர் கட்டைகளை அவள் சரியாகக் கணிக்கவில்லை. கல் ஏறி ஆட்டம் கூடக்கூட அவை இறுகின. மேடை ஆடும் வேகமும் மாறியது. எடைக்கோ பழைய வேகம்தான் தெரியும். அடக்க வைத்ததே ஆட்டத்தை ஏற்றிவிட்டிருந்தது.

மேனேஜர் கறாராகச் சொன்னார்: “திங்கக்கிழமை மிஷின் ஓடியாகணும். பழசையே வெல்டு வெச்சு மாட்டுங்க.”

“மாட்ட மாட்டேன் சார்.”

“அப்ப எதுவும் இல்லாமலே ஓட்டறேன்.”

“நாலு நாள் குடுங்க சார். கால்ல வேணாலும் விழறேன்.”

மேனேஜர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். புதுப் பட்டையை இரண்டு வளைந்த இரும்புக் கட்டைகளுக்கு நடுவே வைத்தாள். அதிகம் வளைந்தால் அது கட்டையோடு ஒட்டும், ஒட்டினால் இறுகும். ரப்பர் இறுகும் அளவுக்குப் பட்டையும் இறுக வேண்டும். இரண்டு பட்டைகள் சோதனையிலேயே விரிசல் விட்டன. மூன்றாவதை மாட்டியதும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அடியில் போய் நின்றாள்.

“அக்கா, வெளிய வாங்க!” என்று ஆபரேட்டர் கத்தினார்.

“நீங்க கல்லைக் கொட்டுங்க.”

விழுவதானால் தன்மேல் விழட்டும் என்றிருந்தது அவளுக்கு. சல்லடை அந்த வேகத்தைத் தொட்டது. மேடை ஒருமுறை குலுங்கி அடங்கியது. சந்தோஷமே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா கேட்டார்: “ஆட்டம் நின்னுச்சா?”

“நின்னுச்சு மாமா.”

அக்கா அப்போதுதான் மறுபடி வாய் திறந்தாள். “இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றுவரை திருப்பிய முகம்தான்.