வேதக்கார வீட்டுப் பிள்ளையின் சமயப் பாடம்

மல்லாவியிலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில் வழி கேட்டால், நாங்கள் கத்தோலிக்கர் என்பதால் எங்கள் வீட்டை "வேதக்கார வீடு" என்றுதான் காட்டுவார்கள். கோபத்தில் சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்வது. முல்லைத்தீவுக் கடற்கரையில் நாங்கள் இருந்த காலத்தில் சுற்றிவர எல்லாமே வேதக்கார வீடுகள். ஒன்றையும் யாரும் அப்படிச் சொல்லிக் காட்டியதில்லை. என் கணவர், இவருக்குக் கடலும் வேண்டாம், அந்தக் கரையும் வேண்டாம் என்று ஆன பிறகு, இங்கே குளத்துக்குக் கீழே கிடைத்த காணித்துண்டில் வந்து குடியிருந்தோம். அக்கம்பக்கம் முழுக்கச் சைவ ஆட்கள். நல்ல ஆட்கள். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன்.

எங்கள் ஒரே மகள் பதினோராம் வகுப்புக்கு வந்த வருடம் பாடசாலையில் பரிசளிப்பு விழா. நல்ல சேலை உடுத்திக்கொண்டு இரண்டாவது வரிசைக் கதிரையில் இருந்தேன். கணிதத்துக்குக் கூப்பிட்டார்கள், போனாள். கை தட்டினேன். பிறகு ஒலிபெருக்கியில் "சைவநெறி, முதலாம் இடம்" என்று சொல்லி மறுபடியும் அவள் பெயரையே வாசித்தார்கள். நான் இன்னும் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடசாலையில் எங்கள் சமயத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்காக ஒரு ஆசிரியரை யார் தருவார்கள்? சமயப் பாட நேரத்தில் அவள் நூலகத்தில் இருந்து தன் புத்தகத்தைப் படிக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"எத்தினை வருசமாய் இது?"

"ஆறாம் வகுப்பிலையிருந்து."

"லைபிரறியிலை இருக்கிறன் எண்டெல்லோ சொன்னனீ?"

"லைபிரறி எப்பவும் பூட்டம்மா. முதல் கிழமை மரத்துக்குக் கீழை இருந்தனான். போறவை வாறவை எல்லாரும், என்ன பிழை செய்தனீ, வெளியிலை விட்டிருக்கினம் எண்டு கேட்டவை. பிறகு சைவநெறி ரீச்சர்தான், உள்ளை வந்து இரு பிள்ளை எண்டவா."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் என்னைத் திருப்பி மரத்துக்குக் கீழை விட்டிருப்பியள்."

ஓம், விட்டிருப்பேன். அதுதான் எனக்குச் சுட்டது.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும் காலம் வந்தது. சமயம் கட்டாயப் பாடம். ஏதோ ஒன்றை எழுதத்தான் வேண்டும். எங்கள் சமயத்தையே எழுதட்டும், நான் படிப்பிக்கிறேன் என்று சொன்னேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பூசைக்கு வரும் பாதரிடம் கேட்டுக் கத்தோலிக்கப் பாடப்புத்தகம் வாங்கினேன். பின்னேரங்களில் குசினி மேசையில் மகளை இருத்தி, நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவள் கேட்டாள்.

"அம்மா, நீங்களே இண்டைக்குத்தான் படிக்கிறியள். என்னை எப்ப படிப்பிக்கப்போறியள்?"

"வாயை மூடிக்கொண்டு கேள்."

"வாயை மூடினா எப்பிடிப் பாடமாக்கிறது?"

அவள் நக்கலுக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். படித்தது நான். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன யூதர்களைப் படித்தேன். உரோமாபுரியில் நிலத்துக்குக் கீழே, கல்லறைகளுக்கு நடுவே கூடிச் செபித்த முதல் கிறிஸ்தவர்களைப் படித்தேன். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் குந்தியிருந்து செபமாலை சொன்ன எனக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கோயில்களைப் பறிகொடுத்து, சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடி ஒளித்த எங்கள் ஆட்களைப் பற்றிய பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகளுக்கு ஒரு தரமே போதும்.

"காட்டுக்கை ஒளிச்சிருந்த ஆக்களுக்கு ஆர் சோறு குடுத்தது?" என்று கேட்டாள்.

"புத்தகத்திலை அது இல்லை."

"சைவ ஆக்களாத்தான் இருக்கும். அப்ப வேறை ஆர் இஞ்சை இருந்தவை?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றுதான், அவள் தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து, அவளுடைய சைவநெறிப் புத்தகத்தை முதல்முறையாகத் திறந்தேன். ஏதோ பாவம் செய்கிறதுபோல வாசலைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். அங்கே பழைய காலத்துத் தமிழ்நாட்டில் சமணரும் பௌத்தரும் நிறைந்திருந்தார்கள். அரசர்களே அந்தப் பக்கம் நின்றார்கள். சைவர்கள் ஒடுங்கிப்போய் இருந்தார்கள். பிறகு வாதம் நடந்தது, சைவம் வென்றது. மகள் தண்ணீரோடு வந்து என்னையும் புத்தகத்தையும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"தோத்த சமணர் பிறகு எங்கை போனவை?" என்று கேட்டேன்.

"அது பாடத்திலை இல்லையம்மா. கேள்வியும் வராது."

இரண்டு புத்தகமும் மேசையில் கிடந்தன. கொஞ்சப் பேராய் இருந்தவர்கள் ஒரு பக்கத்தில் வருகிறார்கள், இரண்டு பக்கம் தாண்டினால் காணவில்லை. அவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளை எந்த வகுப்பில் இருத்தினார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

படிவம் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது, பழைய கத்தோலிக்க வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எழுத வைத்தேன். நானே திருத்தினேன், கை கூசாமல் புள்ளியை அள்ளிப் போட்டும் முப்பத்தெட்டுக்கு மேல் வரவில்லை. அவள் தாளைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கிளிநொச்சியில் நல்ல பாடசாலை ஒன்றில் உயர்தரம் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு ஒவ்வொரு பெறுபேறும் வேண்டும். சைவநெறி எழுதினால் அவளுக்கு ஏ நிச்சயம்.

இவரைக் கேட்டேன். "இஞ்சருங்கோ, ஏதாவது சொல்லுங்கோவன்."

"நான் என்னத்தைச் சொல்ல? பிள்ளை பெயில் எண்டாலும் நீ அழுவாய், பாஸ் எண்டாலும் நீ அழுவாய். எந்த அழுகை வேணுமெண்டு நீயே பார்."

கத்தோலிக்கப் பாடசாலைக்கு மாற்றலாம் என்று கன்னியர் மட விடுதிக்கும் ஆள் விட்டுக் கேட்டோம். வருட நடுவில் இடமில்லை என்றார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்பாக ஒருவர் நின்று, அந்தப் பக்கம் வழியில்லை என்று சொன்னார்.

கடைசியில் சைவநெறி ரீச்சர் வரச்சொன்னார். பாடசாலையில் சேர்த்தபோது எழுதிய பதிவில் ஒரு சமயமும் படிவத்தில் வேறு சமயமும் இருப்பதால் பெற்றோரின் கடிதம் வேண்டுமாம்.

"நான் மதம் மாத்தச் சொல்லேல்லையம்மா. பேப்பரைத்தான் மாத்தச் சொல்லுறன்."

"உங்களுக்கு அது ரெண்டும் வேறை ரீச்சர். எனக்கு ஒண்டு."

நான் அப்படிச் சொல்லிவிட்டேனே என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

"நான் தெற்கிலை படிப்பிச்ச நேரம் என்ர மகன் ஒரு வருசம் புத்த சமய வகுப்பிலை இருந்தவன். சைவப் பிள்ளையள் ரெண்டே ரெண்டு பேர். பன்சலைப் பாட்டு, அவையின்ரை கோயில் பாட்டெல்லாம் வீட்டிலை வந்து பாடுவான். நான் குசினிக்கை நிண்டு அழுவன். அதுதான் உங்கடை பிள்ளையை வெளியிலை இருக்க விட எனக்கு மனம் வரேல்லை."

"அப்ப உங்களுக்குத் தெரியுமெல்லோ ரீச்சர்."

"தெரியும். தெரிஞ்சு என்ன செய்யிறது? அதிபருக்கு எத்தினை கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறன், பிள்ளையின்ரை சமயத்துக்கு ஒரு ஆளைக் கேட்டு. ஒண்டுக்கும் பதில் வரேல்லை."

என் கண் நிறைந்துவிட்டது. அவர் பக்கத்து மேசைக்கு எழும்பிப் போய், கொப்பியில் ஒற்றைத் தாள் கிழித்து வந்து, பேனையோடு என் முன்னால் வைத்தார். என் சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் மகள் சைவநெறிப் பாடத்துக்குத் தோற்றுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை. "எவ்வித" என்ற சொல்லை விட்டு எழுதலாமா என்று கேட்டேன். விடலாம் அம்மா, என்றார். விட்டு எழுதினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அடுத்த ஞாயிறு பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். பிள்ளையைப் பூசைக்குத் தவறாமல் கூட்டிவாருங்கோ என்றார் பாதர். மன்னிப்புக் கிடைத்தது. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். நெஞ்சில் இருந்தது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு கத்தோலிக்கப் புத்தகத்தை நான் தனியே படித்தேன். பின்னேரங்களில் அவளுடைய புத்தகத்தைப் பிடித்துக் கேள்வி கேட்டது நான்தான். வேறு யார் கேட்பது? நாயன்மார் கதைகளை மடமடவென்று சொல்வாள். சித்தாந்தப் பகுதி வந்தால் கடவுள், உயிர், கட்டு என்ற பதி, பசு, பாசத்தில் தொடங்கி நடுவழியில் தடக்குவாள். "பசுவைப் பிடிச்சிருக்கிற பாசம் எத்தினை?" என்று நான் கேட்க, அவள் கூரையைப் பார்ப்பாள். பதில் எனக்குத் தெரிந்திருக்கும்.

சமயப் பரீட்சை அன்று காலையில் வெள்ளைச் சட்டையோடு மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். "அம்மா, சிலுவை போட்டுவிடுங்கோ" என்றாள். நெற்றியில் போட்டுவிட்டேன். இவர் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் மெழுகுதிரி கொளுத்திவிட்டு முழங்காலில் இருந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கனநேரம் இருந்தேன். அந்த நேரம் தாளைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"மாதாவே, என்ர பிள்ளைக்கு நாயன்மார் கேள்வி வரவேணும். அந்தப் பாசக் கேள்வி மட்டும் வராமல் நீர்தான் பார்த்துக்கொள்ளும்."