யானைக் குரூப்பில் ஸலாம்

படிப்பு எனக்கு ஓ.எல். வரைக்கும்தான். கூட்டத்தில் யாராவது எழுந்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னால், தொழுகைக்கு வுழூ எடுத்துவிட்டு வருகிறேன் என்று பள்ளிவாசல் ஹவுள் தொட்டியடிக்குப் போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது கொஞ்சம் அதிகப்படிதான். மன்னிக்க வேண்டும். நடந்தது எங்கள் வயல் வட்டையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் சொல்லும்போது அது சிரிப்புக் கதையாகிவிடுகிறது. நடந்த மாதிரியே ஒரு தடவை எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு கல்முனைக்குடியில், வயல் இறக்காமம் பக்கத்தில். எனது காணிக்கு அடுத்தது, என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சியின் காணி. அவளுடைய புருஷன் மௌத்தாகிப் போன பிறகு இரண்டையும் நானே பார்த்து வருகிறேன். கதிர் முற்றும் காலத்தில் குளத்துப் பக்கமிருந்து யானை வரும். முன்பெல்லாம் காவல் குடிசையான வாடி ஒன்றில் இருந்து கத்தினால் அடுத்த வாடிக்குக் காற்று விட்டால்தான் கேட்கும். அதனால் எங்கள் வட்டவிதானை, அதாவது வயல்காரர்களுக்குத் தலைவராக இருப்பவர், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார். யானையைக் கண்டவர் உடனே போட வேண்டும், மற்றவர்கள் யானை வெடியோடு போக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அட்மினாக என்னைப் போட்டார்.

"வாயில்லாத ஆள்தான் இதுக்குச் சரி. அட்மின் கதைக்கத் தொடங்கினா ஆனை வரமுந்தி நாம சண்டை புடிச்சிருவம்" என்றார்.

முதல் போகம் நன்றாகவே போனது. வாய்க்கால் கரைக் கட்டில் காவல் நிற்கிறவர் ஒரு வரி போட்டால் போதும், யானை வரம்பில் கால் வைக்குமுன் வெடிச் சத்தம் கேட்கும். அந்தப் போகம் யாருடைய வேளாண்மையும் அழியவில்லை.

பிறகு ஸலாம் வந்தது. எங்கள் வட்டையில் முன்பு வயல் செய்து, காணியை விற்றுவிட்ட ஒரு ஹாஜியார் இருக்கிறார். மனைவி இல்லை. பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும். அவர் விடியச் சுபஹ் தொழுதுவிட்டு ஒரு ரோசாப்பூப் படத்தோடு ஸலாம் போடுவார். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. ஒருவர் பதில் போட்டால் மற்றவர் சும்மா இருக்க முடியாது. வெயில் ஏறும்வரை வஅலைக்குமுஸ்ஸலாம் வந்துகொண்டே இருக்கும். மௌத்து அறிவித்தல் வந்தால் இன்னாலில்லாஹி. யாருக்காவது பிள்ளை கிடைத்தால் மாஷா அல்லாஹ். போன் சத்தம் போட்டால் யானை என்று துள்ளி எழும்பிய நாங்கள், மெல்ல மெல்ல எழும்பாமல் விட்டோம்.

அந்தப் பெரும்போகத்தில் தங்கச்சியின் வயல்தான் எல்லோருக்கும் முந்தி விளைந்தது. மகளுக்கு அவள் கட்டுகிற வீட்டுக்குக் கூரை மட்டும்தான் பாக்கி. எங்கள் பக்கத்தில் வீடு முடியாமல் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. அந்த நெல்லில்தான் கூரை போட வேண்டும். நெல் வெட்டும் மெஷின் இன்னும் இரண்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் எங்கள் வட்டையில் நெடுங்காலம் வயல் செய்த ஒருவர் மௌத்தானார். குரூப்பில் அறிவித்தல் வந்தது. வயல்காரர்கள் பெரும்பாலும் ஜனாஸா அடக்கத்துக்குப் போனோம். நானும் மையவாடியில் நின்றேன். போன் சத்தமில்லாமல் சட்டைப்பையில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் வாய்க்கால் கட்டில் நின்றவர், "ரெண்டு ஆனை வாய்க்காலைத் தாண்டுது, வடக்குப் பக்கம்" என்று போட்டிருக்கிறார். அதற்கு மேலே இருபது இன்னாலில்லாஹி, கீழே இருபது. வந்ததை வாசிக்காமலே பதில் போட்டிருக்கிறார்கள். யானைச் செய்திக்கு நேர் கீழே ஒருவர் ஆமீன் போட்டிருந்தார். அதற்கடுத்தவர், அன்னாரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக என்று கேட்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது தங்கச்சியின் வயலில் பாதி மிதிபட்டுக் கிடந்தது. காவலுக்கு வைத்திருந்தவர் வாடி வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மௌத்துச் செய்திக்கு நானும் இன்னாலில்லாஹி போட்டுட்டு போனக் கவுத்து வெச்சிட்டன். பொறகும் டிங்கு டிங்குண்டு அடிச்சிக்கிட்டுக் கிடந்திச்சி. எல்லாம் துஆவாக்கும் எண்டு நெனச்சன்."

அடுத்த நாள் காலை தங்கச்சி வயலுக்கு வந்தாள். அழவில்லை. வரம்பில் நின்று பார்த்துவிட்டு, அங்கே கூடி நின்ற வயல்காரர்களுக்குக் கேட்கும்படியாகவே என்னிடம் சொன்னாள்.

"ஆனைக்கு ஆமீன் போட்டுக் கூப்பிட்டிரிக்காங்க காக்கா. பொறகு அது வராம என்ன செய்யும்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆமீன் போட்டவர் பக்கத்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யானை தின்ற இடத்துக்குத் திரும்ப வரும். மெஷின் நாளைக்குத்தான். அன்று பின்னேரத்தைத் தாண்ட வேண்டும். வட்டவிதானை என்னிடம், "பூட்டுங்க குரூப்ப. அட்மின் மட்டும் போடுற மாதிரி வெச்சிருங்க" என்றார்.

"அப்ப வாய்க்கால் கட்டில நிக்கிறவர் என்ன செய்ற?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு போன் கோல் எடுக்கட்டும், நீங்க போடுங்க."

"இவரு கோல் வந்தா போனப் பாத்துக்கிட்டே இரிப்பாரு, எடுக்கமாட்டாரு" என்றாள் தங்கச்சி. அப்போதுதான் சிரித்தார்கள்.

ஹாஜியாரை வெளியே எடுத்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். "வயலுமில்ல, ஆனையுமில்ல, அவருக்கு என்னத்துக்கு இந்தக் குரூப்?" அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போனில் அவரை அழிக்க எனக்குக் கை போகவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குச் செய்தி முந்திப் போயிருந்தது.

"என்னக் கழட்டப் போறியாமே?"

"இல்ல ஹாஜியார். ஸலாத்துக்கும் மௌத்து அறிவித்தலுக்கும் வேற குரூப் ஒண்டு தொடங்குவம். நீங்கதான் அட்மின். அது ஆனைக்கு மட்டும் இரிக்கட்டும்."

"அதுக்கு எல்லாரும் வருவாங்களா?"

"வருவாங்க."

"நீ வருவியா?"

"ஓம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். "வந்து என்ன? இந்தக் குரூப்பில நீ ஒரு நாளாவது பதில் போட்டிரிக்கியா?"

"வாயால செல்லுவன் ஹாஜியார்."

"அது எனக்குக் கேக்குமா?"

உட்கார்ந்திருந்த கதிரையிலேயே புதுக் குரூப்பைத் தொடங்கி அவரை அட்மின் ஆக்கினேன். அவர் உடனே ரோசாப்பூவைப் போட்டார். காலை என்றும் பின்னேரம் என்றும் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் வஅலைக்குமுஸ்ஸலாம் என்று எழுதி அனுப்பினேன். எழுத்தில் பிழை இருந்தது.

பிறகு யானைக் குரூப்பில் எழுதினேன். அதில் நான் எழுதிய முதல் செய்தி அதுதான். இங்கே யானையைத் தவிர எதுவும் போட வேண்டாம், ஸலாமும் துஆவும் மற்றக் குரூப்பில் போடுங்கள், என்னைக் குறை நினைக்க வேண்டாம். இந்த மூன்றையும் எழுதி அழித்து, திரும்ப எழுதி முடிக்க அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு காவல்காரரின் நினைவு வந்து நிமிர்த்தினேன். யாரும் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஒருவரும் ஆமீன் சொல்லவில்லை.

பொழுது சாயுமுன் வட்டைக்குப் போய் வாடியில் இருந்தேன். தங்கச்சியும் வந்திருந்தாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மஹ்ரிபுக்குச் சற்று முன் போன் ஒருமுறை சத்தம் போட்டது. வாய்க்கால் கட்டில் நின்றவர்தான். "ஒண்டு. அதே பக்கம்." அடுத்த சத்தம் போனில் வரவில்லை, வடக்கு வாடியில் இருந்து வெடியாக வந்தது. பிறகு எல்லா வாடியிலிருந்தும். யானை வாய்க்கால் கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பிப் போனது.

"இனி ஆமீன் செல்லலாம்" என்றாள் தங்கச்சி.

மறுநாள் லுஹருக்கு முன் மெஷின் வந்து மிச்ச வேளாண்மையை வெட்டியது. மகளுக்குக் கட்டும் வீட்டின் முன் பாதிக்கு மட்டும் இப்போதைக்குக் கூரை போடுவதென்று முடிவானது.