பச்சைப் பையில் எழுதியிருந்த பெயர்

என் அப்பாவின் தாத்தாவுக்கு என்ன பெயர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் முந்நூறு வருடங்களுக்கும் முன்பு பிரான்சில் கப்பலேறிக் கனடாவின் கிழக்குக் கரையில் போய் இறங்கிய, நிலம் உழுகிற ஒரு கமக்காரனின் பரம்பரையைக் கேளுங்கள். அவன், அவன் மகன், மகனின் மகன் என்று இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்லுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அங்கே படித்தது எதுவும் மிஞ்சவில்லை. இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜெர்மனியில் லார் என்ற சின்ன நகரத்தில், ஹைம் என்று எல்லோரும் சொல்லுகிற அகதிகள் விடுதியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, எல்லோருக்கும் ஒரே அறை. நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் போகிற கோயிலில் எங்களுக்கு முன் வாங்கில் ஒரு கனடாக்காரரும் மனைவியும் இருப்பார்கள். அந்த நகரத்தில் அப்போது கனடாப் படைமுகாம் ஒன்று இருந்தது. அவர் அங்கே லொறி திருத்துகிறவர்.

மாமாவின் அகதி வழக்கு அந்த மாரியில், குளிர்காலத்தில், முடிவாகத் தள்ளுபடியாகியிருந்தது. எங்களுடையது இழுபட்டுக்கொண்டிருந்தது. மாமாவை எந்த நாளும் பிடித்து விமானத்தில் ஏற்றலாம் என்ற நிலை. படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். நானும் வைப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம், மற்றவர்கள் அம்மாவின் கையை விரல் நுனியால் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள். கனடாக்காரர் மட்டும் முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினார். அதிலே அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது.

“உந்த மனிசன் நினைச்சால் இவனைக் கனடாவுக்கு எடுக்கலாம்.”

என்ன வழி, என்ன சட்டம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கனடாக்காரர் என்றால் கனடாவுக்கு எடுப்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சட்டம்.

அம்மா றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். மொழிபெயர்ப்பு என் வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்து ஜெர்மன், அவருக்குப் பட்டாளத்து ஜெர்மன். இரண்டும் ஒருமாதிரி ஒத்துப்போயின. ஆனால் கேட்க வந்ததைக் கேட்க இடம் கிடைக்கவில்லை. றோல்ஸ் வாயில் போனதும் அவர் தன் பரம்பரையைத் தொடங்கிவிடுவார். அவர்கள் ஊரில் ஒருவனை விசாரித்தால் குடும்பப் பெயர் சொல்லமாட்டார்களாம். இன்னாரின் மகனுடைய மகனுடைய மகன் என்று அடுக்குவார்களாம். அவர் அடுக்கிக்கொண்டு போக, கடைசியில் அந்த முதல் ஆள் வந்து நிற்பான். அக்காடி என்று அப்போது பெயரிருந்த அந்தக் கிழக்குக் கரையில் முதல் முதல் குடியேறியவர்களில் ஒருவன். கடல் ஏறி இறங்குகிற சேற்று நிலத்துக்கு அணை கட்டி, உப்பை மழைநீரால் கழுவி, கோதுமை விதைத்தவன்.

“உப்புத் தண்ணி உள்ளுக்கு வராமல் மழைத் தண்ணி மட்டும் எப்பிடி வெளியிலை போகும்? கேள் பிள்ளை” என்றார் மாமா. மாமாவின் வயல் கடலோரம். உவர் ஏறிப் பாழாய்ப் போன வயல்.

கனடாக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அணைக்கு அடியில் மரத்தைக் குடைந்து வைத்து, அதற்குள்ளே ஒரு பக்கம் மட்டும் திறக்கிற பலகைக் கதவு போடுவார்களாம். கடல் வத்துக்குத் திறக்கும், பெருக்குக்குத் தானே சாத்தும். கைதுடைக்கிற கடதாசியில் கீறிக் காட்டினார். மாமா அதை வாங்கித் தானும் ஒன்று கீறினார். அன்றைக்கும் நாங்கள் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில் ஆங்கிலேயப் படை வந்த கதை. அறிவித்தல் ஒன்று வாசிக்க வேண்டும் என்று ஆண்களை எல்லாம் கோயிலுக்கு வரச்சொன்னார்களாம். வந்ததும் கதவைப் பூட்டினார்களாம்.

றோல்ஸை உடைத்துக்கொண்டிருந்த மாமா நிறுத்திவிட்டார்.

“கோயிலுக்குள்ளையோ?”

“ஓம் மாமா.”

“பிறகு?”

“பிறகு வீடுகளை எரிச்சு, எல்லாரையும் கப்பல்களிலை ஏத்தி வேறை வேறை இடங்களிலை இறக்கி விட்டவங்களாம். புருசன் ஒரு கப்பல், பெஞ்சாதி ஒரு கப்பலாம்.”

மாமா அம்மாவைப் பார்த்தார். “அக்கா, இவர் எங்கட ஆள்தான். இண்டைக்குக் கேப்பம்.”

கேட்டேன். மாமாவைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், நீங்கள் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த மரியாதைச் சொல் எல்லாம் போட்டுத்தான் கேட்டேன்.

அவர் கதிரையை மாமாவுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்படிக் கப்பலேற்றப்பட்ட தன்னுடைய பாட்டன் ஒருவர் தன் மண்ணுக்குத் திரும்பப் பிள்ளைகளோடு காடும் பனியுமாக வருடக்கணக்கில் நடந்தாராம். போய்ச் சேர்ந்தபோது அவர் அணை கட்டிய வயலில் வேறு யாரோ அறுவடை செய்தார்களாம். “உன் மாமாவை ஒரு நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர் கொடுத்து வைத்தவர் என்று சொல்லு.”

நான் சந்தோசமாகத்தான் சொன்னேன். எனக்கு ஊர் நினைவே இல்லை. ஆனால் எங்கள் அறையில் யாருக்குக் கவலை வந்தாலும் ஊருக்குப் போக வேணும், ஊருக்குப் போக வேணும் என்றுதான் சொல்வார்கள். மாமாவுக்கு அது கிடைக்கப் போகிறது. இதைவிட நல்ல செய்தி என்ன?

அம்மா மேசையில் இருந்த றோல்ஸ் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். “பகிடி விடுறாரோ?”

“இல்லை அக்கா. மனிசன் மனதாரச் சொல்லுறார்” என்று மாமா சிரித்தார்.

கனடாக்காரர் உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். பட்டாளத்துப் பச்சையில், ஓர் ஆளையே உள்ளே வைத்துக் கட்டலாம் போன்ற பெரிய கன்வஸ் பை. பக்கத்தில் வெள்ளை மையால் அவருடைய குடும்பப் பெயர், கப்பலேறிய அந்த முதல் ஆளின் பெயர், பெரிதாக எழுதியிருந்தது. வீடு திரும்புகிறவனுக்குத் தன் குடும்பத்தின் பரிசு என்றார். அவர் மனைவி கண்ணைத் துடைத்தாள்.

ஹைமுக்கு வந்ததும் அப்பாவுக்கு அந்தப் பை பிடிக்கவில்லை.

“ஆமிப் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பிலை போய் இறங்கப் போறியோ?”

“இது கனடா ஆமி, அத்தான்.”

“அங்கை நிக்கிறவனுக்கு நீயே வித்தியாசம் சொல்லிக் குடு.”

வேறு பை வாங்குவோம் என்று அம்மா சொன்னாள். அதற்குள் ஒரு விடியற்காலை படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. உடுப்பை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம்தான் நேரம் கொடுத்தார்கள். அந்தப் பைதான் கைக்குக் கிட்ட இருந்தது. அம்மா அழுதுகொண்டே கம்பளிச் சட்டை, சொக்லேட், சவர்க்காரம் எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தாள். எவ்வளவு அடைத்தாலும் இடம் இருந்தது. நல்ல பை என்று நான் நினைத்தேன்.

பிறகு மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. அம்மா சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பிப் போவாள். அப்பா யார் யாருக்கோ போன் எடுத்தார். மறு மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், ஹைமின் நடையில் இருந்த பொதுப் போனில் மாமாவின் குரல் வந்தது.  அம்மா சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் தந்தாள்.

“சத்தமாக் கதை பிள்ளை. பொறு, மற்றக் காதிலை வைக்கிறன்.”

லைன் சரியில்லை போலும் என்று நினைத்துக் கத்தினேன். “பை எங்கை மாமா?”

“அதை எயாப்போட்டிலையே எடுத்திட்டாங்கள். பையிலை கிடக்கிறது ஆரின்ரை பேர் எண்டு கேட்டாங்கள். நான் கனடாக்காரரின்ரை பரம்பரை முழுக்கச் சொன்னன். ஒருத்தரையும் விடேல்லை. அணை, பலகைக் கதவு, கோயில், கப்பல், எல்லாம்.”

“கதவைக் கீறிக் காட்டினனீங்களோ?”

“கீறச் சொன்னவங்கள். கன தரம் கீறினனான். போன கிழமைதான் விட்டவங்கள்.”

“அவையளுக்குக் கதை பிடிச்சுதோ?”

 மாமாவின் அதே சிரிப்பு கேட்டது. “ஓம் பிள்ளை. நல்லாப் பிடிச்சுது. திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்கள்.”

முகாமை மூடுகிறார்கள், கனடாக்காரர் போகப் போகிறார் என்று அந்த வாரம்தான் கோயிலில் சொன்னார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் அவரிடம் ஓடினேன். எங்கள் ஊரில் மாமாவிடம் உங்கள் பாட்டனின் கதையைக் கேட்டார்கள், மாதக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், பலகைக் கதவைக்கூடக் கீறச் சொன்னார்கள் என்று ஒரு பிழையில்லாத ஜெர்மனில் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். “அவ்வளவு தூரத்திலுமா?” என்றார். மனைவியிடம் பிரெஞ்சில் சொன்னார். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே என் தலையில் கை வைத்தார்.

வீதிக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “என்ன சொன்னனி? ஏன் அந்த மனிசன் அழுறார்?”

சொன்னேன்.

அம்மா பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. குளிருக்குத்தான் ஓடுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.