தண்ணிப் பை கட்டின கோழிப்பண்ணை

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருந்து போன வருசம்தான் ஓய்வு பெற்றேன். கோழியோடு பட்டதைவிட ஈயோடு பட்டதுதான் அதிகம். ஈயைவிட மோசம், எல்லாம் தெரிந்த முதலாளி.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா பண்ணை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, இன்னும் பத்து நாள்ல எம்புள்ளைக்கு நிச்சயமுங்க. ஊட்லதான் பந்தி. எலைல சோத்துக்கு மேல ஈ ஒக்காந்தா மாப்பளை ஊட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? எம்புள்ள கதி என்னங்க?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

முதலாளி அசரவில்லை. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, முந்நூறு பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி ஷெட்டைச் சுற்றித் தொங்கவிடச் சொன்னார்.

"ஈக்கு ஆயிரக்கணக்குல கண்ணுப்பா. ஒரு பை அதுக்கு ஆயிரம் பையாத் தெரியும். பயந்து ஓடிரும்."

அடடா, என்ன கண்டுபிடிப்பு!

கால்நடை டாக்டரிடம் நான் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். ஈயின் கூட்டுக்கண்ணில் ஆயிரக்கணக்கான குட்டி லென்ஸ் உண்டு, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொன்றும் எதிரே இருப்பதில் ஒரு புள்ளியை மட்டும்தான் வாங்கும். எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஒரே படம், அதுவும் மங்கலான படம். அசைவைப் பிடிப்பதில்தான் அது கில்லாடி. நாம் கையை ஓங்கும்போதே பறந்திருக்கும். சும்மா தொங்குகிற பை அதை என்ன செய்யும்?

இதையே முதலாளிக்கு மூன்று நாள் விளக்கினேன். பையின் மேலேயே ஒரு ஈ உட்கார்ந்து முன்னங்காலைத் தேய்ப்பதைக் காட்டினேன்.

"பாத்தியா, பயந்து கும்பிடுது" என்றார். இவரிடம் என்னத்தைப் பேச?

நான்காம் நாள் கூண்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் வரிசையாக ஒழுகி, எரு சேறாகக் கிடந்தது. பொதபொதவென்று புழு. ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு போய் ஆபீஸ் மேஜைமேல் வைத்தேன்.

"ஏனுங்க, நாலு நாள் போனா ஈயாகிறது இதுதானுங்க. இதுக்குக் கூட்டுக்கண்ணே இன்னும் வரலீங்க. கூட்டுப்புழுவாகி உள்ள இருக்கறப்பத்தான் வரும். இதுக்கு எந்தப் பையைக் காட்டப் போறீங்க?"

"எடுய்யா மொதல்ல!" மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். ஆனால் மத்தியானமே குழாய் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் வந்துவிட்டார். நிப்பிள்களை மாற்றினோம். ஈர எருவை வாரி டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினோம், தரையில் சுண்ணாம்பு தூவினோம்.

நிச்சயத்துக்கு அது பத்தவில்லை. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஈ எங்கே போகும்? செல்லம்மாக்காவின் தம்பிகள் பந்தியில் துண்டை வீசிக்கொண்டே நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். நல்லவேளை, நிச்சயம் நின்றுபோகவில்லை. செல்லம்மாக்கா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை.

முதலாளியை இன்றைக்கும் திட்டுவேன், திட்டத் திட்ட வயிறு குளிரும். ஆனால் நிப்பிள் ஒழுகுகிறதா என்று தினமும் பார்ப்பது அவர் வேலை இல்லை, என் வேலை. அந்த மூன்று நாளும் அவரை மட்டம் தட்டுகிற சந்தோசத்தில் ஈயின் கண்ணைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குனிந்து பார்க்கவில்லை.