ஜப்பார் பாய்க்குக் கிடைக்காத தேர்தல்

சென்ற வெள்ளிக்கிழமை மதியம் ஜப்பார் பாயின் மகள் நசீமா தொலைபேசியில் அழைத்தாள். “அங்கிள், வாப்பா போயிட்டாங்க,” என்றாள். இங்கே அமெரிக்காவில், ஐசலின் ஊரில் பாத்திரக் கடை வைத்திருந்த ஜப்பார் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அவர் எங்களுக்கு விளக்கிய விதம்.
2. அதில் எங்கள் இருவருக்கும் இருந்த கருத்து வேறுபாடு.
3. ஒரு தேர்தலில் வாக்களிக்க முடியாததால் அவர் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்பது.

2005-இல் உச்ச நீதிமன்றத்தில் அடுத்தடுத்து இரண்டு நீதிபதி இடங்கள் காலியாயின. அங்கே நீதிபதி பதவி ஆயுள் முழுவதற்கும். அதிபர் முன்மொழிந்தவர்களை செனட் உறுப்பினர்கள் கேள்வி கேட்பதைப் பாய் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது குக்கர் கேட்டால்கூடத் திரும்பமாட்டார். “மாப்பிள்ளை பாக்குறாங்க, சத்தம் போடாதீங்க,” என்பார். பிறகு எங்களிடம் சொல்வார்: “கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேக்குறாங்க. ஆனா மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்த தரகர், நீங்கள்லாம் போன நவம்பர்ல ஓட்டுப் போட்டுப் பிடிச்ச ஆளு. தரகர் எட்டு வருஷத்துல போயிடுவாரு. மாப்பிள்ளை ஆயுசுக்கும் வீட்டோட. தலாக்கும் கிடையாது, டைவர்ஸும் கிடையாது.”

‘நீங்கள்லாம்’ என்றுதான் சொல்வார். அவரிடம் இருந்தது கிரீன் கார்டு மட்டுமே; அதை வைத்து இங்கே வசிக்கலாம், வாக்களிக்க முடியாது.

மருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எதற்கும் சான்று தேடுவது என் பழக்கம். நியமித்தவர் எதிர்பார்த்ததற்கு மாறாகத் தீர்ப்பெழுதியவர்கள் உண்டு என்று சொல்லி, அப்போது பதவியிலிருந்த ஒரு நீதிபதியையே உதாரணம் காட்டினேன். “உள்ள போனதும் தரகரை மறந்துடுவாங்க பாய்.”

“மாறிடுவாருன்னு நம்பி நீங்க பொண்ணைக் குடுப்பீங்களா சார்?” என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

குடியுரிமைத் தேர்வில் அவர் எப்போதோ தேறிவிட்டார். அரசின் பாதுகாப்புப் பெயர்ச் சரிபார்ப்பில்தான் விண்ணப்பம் நின்றது. “என் பேரு உலகம் பூரா இருக்குல்ல சார், ஒவ்வொருத்தனா விசாரிச்சிட்டு வரட்டும்,” என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தார். 2008 நவம்பரும் வந்துவிட்டது.

எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் வாக்குச்சாவடிக்கு அவர்தான் காரில் அழைத்துப்போனார். தூறிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வரும்வரை வெளியே காரில் இருந்தார். “தரகரைப் பிடிச்சாச்சா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “ஒரு ஓட்டுதானே பாய். ஜட்ஜுங்க எப்படியும் மாறிடுவாங்க. நீங்க ஒண்ணும் பெருசா மிஸ் பண்ணல,” என்றேன். பாய் வைப்பரைப் போட்டுக் காரைக் கிளப்பினார்.

மறு ஆண்டு பனி உருகும் சமயத்தில் பாய்க்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன்பே மாற்றுக் கட்சியைச் சேர்ந்த புதிய அதிபர் பதவியேற்றிருந்தார். மே மாதம் நான் உதாரணம் காட்டிய அதே நீதிபதி ஓய்வு பெறப்போவதாகச் செய்தி வந்ததும் பாய் போன் செய்தார்.

“தரகரை மறந்தவருன்னு சொன்னீங்களே சார், அவரு ஏன் புதுத் தரகர் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தாரு?”

“தற்செயலா இருக்கும் பாய். யோசிச்சுச் சொல்றேன்.”

“நல்லா யோசிங்க. அடுத்த எலெக்‌ஷனுக்கு நான் உள்ள போறேன், நீங்க கார்ல உக்காருங்க!”

கோடை முழுவதும் யோசித்தேன். அந்த நீதிபதியின் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விட்டுப்போன நாற்காலியில் யார் அமர்வது என்பதை முந்தைய நவம்பர்த் தேர்தல்தான் தீர்மானித்தது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. கேட்க அவர் இல்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது.

மேலே மூன்றாவதாக எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். அது தவறு. அன்று தூறலில் காருக்குள் காத்திருந்தவர் இழந்தது பெரிது.