இது ஆற்ற கொப்பி?

அந்தக் கொப்பி என்னுடையது.

சுதனுடையது அல்ல. அதில் இருந்த எழுத்து என் எழுத்து. பெட்டி பெட்டியாகப் பெருக்கல் குறிபோல் போட்ட புள்ளடிகள் என் புள்ளடிகள். ‘குண்டு’ என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதியவன் நான். ஆனால் அதற்காகக் கொண்டுபோகப்பட்டவன் அவன். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்... திறந்தேன். திறந்து, தெரியாது என்றேன்.

இத்தனை வருடங்களில் எவருக்கும் இதைச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்னைத் தெரியாதவர் என்பதால்தான் சொல்கிறேன். அதிலும் என் கோழைத்தனம்தான், பாருங்கள்!

போர் மறுபடி மூண்டிருந்த காலம். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வீடியோக் கடை. கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. கனடாவில் இருந்த சித்தப்பா மகன் அனுப்பிய ஒரு சீடீக்குள், தாளம் செய்வதற்கான மென்பொருள் ஒன்று கிடந்தது.

திரையில் வரிசைக்குப் பதினாறு பெட்டிகள். ஒரு பெட்டியில் புள்ளடி போட்டால் அந்த இடத்தில் அடி விழும். கீழ் வரிசை கிக் என்ற பெரிய மேளம், அதற்கு மேல் ஸ்னேர் என்ற சின்ன மேளம், அதற்கும் மேல் ஹைஹற் என்ற தாளத்தட்டு. அவ்வளவுதான்! வெளிநாட்டு மண்டபங்களில் விடிய விடிய ஆடுகிறார்களே, அந்த இசைக்கெல்லாம் அடித்தளம் இந்தப் பதினாறு பெட்டிகள்தான் என்று அறிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொல்லித்தர ஒருவரும் இல்லை. கடையில் கிடந்த டான்ஸ் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, எத்தனையாவது பெட்டியில் அடி விழுகிறது என்று விரல்விட்டு எண்ணினேன். கிக் ஒன்றில், ஐந்தில், ஒன்பதில், பதின்மூன்றில். ஸ்னேர் ஐந்திலும் பதின்மூன்றிலும். முதல் மாதம் நான் செய்ததெல்லாம் தையல் மெசின் ஓடுவது போல் இருந்தது. ஒரு அடியைக் கொஞ்சம் மெல்லியதாக்கி, ஹைஹற்றை ஒரு மயிரிழை பிந்தவிடத் தெரிந்த பிறகுதான் கால் தானாக ஆடத் தொடங்கியது.

முதலாளி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கணினியைத் தருவார். அதிலும் பாதி நாள் கரண்ட் இராது. ஆகவே சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று வாங்கினேன். தாளங்களை அதில் எழுதிவைத்து, கரண்ட் வந்ததும் திரையில் ஏற்றுவேன். அந்தக் கொப்பிதான்.

சுதன் எனக்குப் பக்கத்து வீடு. புலிகளின் பிடியில் இருந்த ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து, தங்கை வதனியோடு வாடகைக்கு வந்தவன். மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. மத்தியானத்தில் இடுப்பில் ஈரச் சறத்தோடு கடைக்கு வந்து என் பின்னால் குந்தியிருப்பான். ஆங்கிலப் பெயர்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை.

“கிக்காம், ஸ்னேராம்! வாயில நுழையிற பேர் ஒண்டு வையன் மச்சான்.”

வைத்தேன். கிக்குக்குக் ‘குண்டு’. ஸ்னேருக்கு ‘வெடி’. ஹைஹற்றுக்குச் ‘சில்’. துறைமுகப் பக்கத்திலிருந்து ஷெல் போகும்போது நெஞ்சுக்குள் ‘தும்’ என்று விழுமே... கிக்கும் அப்படித்தானே! எவ்வளவு பொருத்தம் என்று சொல்லி நான்தான் சிரித்தேன். பெயர் வைத்த பாவி நான்தான்.

வதனிக்கு நிலாவெளியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அவளின்ர கலியாண வீட்டுக்கு நாங்களே ஒரு அடி செய்வம்,” என்றான் சுதன். “ஊரார்ர பாட்டு ஒண்டும் வேண்டாம்.”

கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி ‘கலியாண வீடு’ என்று தலைப்பிட்டேன். கீழே வேகம் 128. அதற்குக் கீழே, ‘குண்டு: 1, 5, 9, 13. வெடி: 5, 13.’ செய்து போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு அவன் தலையாட்டவில்லை. அழிறப்பரை எடுத்து இரண்டு வரியிலும் பதின்மூன்றை அழித்தான்.

“டேய், என்ன விசரே உனக்கு? நாலாவது அடி இல்லாட்டித் தாளம் நொண்டுமடா!”

“நொண்டட்டும். படி இறங்கேக்க கடைசிப் படி இல்லாட்டி எப்பிடி இருக்கும்? திடுக்கிட்டு, பிறகு சிரிப்பு வரும் தானே? அப்பிடி.”

போட்டுப் பார்த்தோம். கால் இறங்குகிறது... அங்கே ஒன்றுமில்லை! இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் மாதக்கணக்காகக் கற்றதில் இல்லாத ஒன்றை அவன் ஒரு அழிறப்பரால் செய்துவிட்டான். எனக்கு அவன்மேல் பொறாமையும் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் சந்திக் காவலரணில் என் பையைக் கொட்டினார்கள். ஒரு சிப்பாய் கொப்பியை விரித்து, கட்டங்களையும் புள்ளடிகளையும் பார்த்துவிட்டு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். தெரிந்த சிங்களத்தில் மன்றாடினேன். மணல் மூட்டையின்மேல் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, போ என்றான்.

கவனித்தீர்களா? தட்டிக் காட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும்! அந்தக் கொப்பி ஆபத்தானது என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் மறுநாள் சுதனிடம் சொன்னேன்:

“மச்சான், என்ர சாப்பாட்டுப் பெட்டி ஒழுகுது, கொப்பி நனைஞ்சுபோடும். நீ கொண்டு வாறியே?”

“அதுக்கென்ன, தா.”

சாப்பாட்டுப் பெட்டி ஒழுகவில்லை. அறை வாங்கிய கதையையும் அவனுக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் வாங்கித்தான் இருப்பான்... இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரு மனிதனுக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ள எத்தனை வழிகள்!

ஒரு கிழமை, ஏழெட்டு நாள் போயிருக்கும். காலையில் இருவரும் வேலைக்கு வெளிக்கிட, இராணுவத்தினர் எங்கள் வீட்டு ஒழுங்கையின் இரு முனையையும் அடைத்துவிட்டார்கள். ஆண்களை எல்லாம் மதிலோரம் வரிசையில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையும் பையும் சோதனை. சுதனின் அட்டையில் ஈச்சிலம்பற்று விலாசம். அதுவே அவனுக்குப் பாதிக் குற்றம். பிறகு பை. பிறகு கொப்பி.

அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் அதை வாங்கி உரத்து வாசித்தார். “கலியாண வீடு. குண்டு ஒண்டு, அஞ்சு, ஒன்பது. வெடி அஞ்சு.” அந்தச் சொற்களை நான் அதுவரை அவர்களின் காதால் கேட்டதே இல்லை!

“இது ஆற்ற கொப்பி?”

சுதன் என்னைப் பார்த்தான். ஒரு தரம்தான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்... நீ சொல்லு, உனக்கு இதை விளக்கத் தெரியும் தானே என்ற பார்வை அது. நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“என்ர தான் ஐயா,” என்றான். “தாளம் ஐயா. பாட்டுக்கு அடிக்கிறது.”

“பதின்மூண்டு அழிச்சிருக்கு. அது எங்க? வைச்சாச்சோ?”

அவனுக்கு விளங்கவில்லை. “அது... அது வேண்டாமெண்டு நான்தான் எடுத்தனான் ஐயா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ இவனுக்குப் பக்கத்து வீடு எண்டு சொன்னனி. இது என்ன எண்டு தெரியுமோ?”

கைக்கெட்டும் தூரத்தில் மதில். ஒரு விரல் போதும். ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்று முறை தட்டியிருந்தால்...

“தெரியாது ஐயா,” என்றேன்.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கொப்பியும் போனது. அவன் திரும்பி வரவில்லை.

சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? இருவரையும் கொண்டுபோயிருக்க மாட்டார்களா? உங்களுக்குச் சொல்லுமுன் எத்தனையோ தடவை இந்த வழக்கை நானே எனக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். தீர்ப்பு வருவதில்லை. நான் தட்டவில்லை என்பது மட்டும் மாறாமல் நிற்கிறது.

வதனி ஒவ்வொரு இராணுவ முகாமாக ஏறி இறங்கினாள். எழுதத் தெரிந்தவன் என்று அவளுடைய மனுக்களை எழுதிக் கொடுத்தவன் நான்! ஒருநாள் நான் பேனையைப் பிடித்தபடி இருக்கையில் கேட்டாள்.

“அண்ணா, ஏதோ கொப்பியாலதானாம் பிடிச்சவங்கள். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள் தானே? அதில என்ன இருந்தது?”

“தெரியாது தங்கச்சி.”

இரண்டாம் முறை நாக்கு கூசவில்லை.

நிலாவெளிச் சம்பந்தம் இரண்டு வருடம் தள்ளிப்போய், போர் முடியுமுன்பே நடந்தது. ஊரடங்குக்குப் பயந்து பட்டப்பகலில் கொண்டாட்டம். அண்ணன் இடத்தில் நின்று எல்லாம் செய்யவேண்டும் என்று வதனி என்னைத்தான் கேட்டாள். நின்றேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் தோழர்கள் பாட்டுப் போடச் சொன்னார்கள். என் கையில் ஒரு சீடீ இருந்தது. ‘கலியாண வீடு’ பக்கத்தை நினைவிலிருந்து திரும்பச் செய்திருந்தேன். பதின்மூன்று வெறுமை. ஏன் செய்தேன்? அவனுக்குக் கொடுத்த வாக்கென்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று அதை நம்ப முடியவில்லை.

பந்தலுக்குள் அடி விழுந்தது. ஒன்று, ஐந்து, ஒன்பது... ஆடியவர்களின் கால்கள் எல்லாம் ஒன்றாக வெறுமையில் இறங்கின. திடுக்கிட்டார்கள். பிறகு சிரித்தார்கள். அவன் சொன்னபடியே! கூறைச் சேலையோடு கதிரையில் இருந்த வதனியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த இரண்டு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

“நல்லா இருக்கண்ணா. இது ஆற்ற அடி?”

“என்ர தான் தங்கச்சி,” என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை.