மேட்டுக்கு ஏறிய சைக்கிள்கள்

வேன்காரர் குனிய மாட்டார். மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். நேரத்துக்கு வருவார், வேனைப் பளபளவென்று துடைத்து வைப்பார், யாரிடமும் வம்புதும்பு கிடையாது. குனிய வேண்டிய வேலை என்றால் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நைசாகக் கழன்றுகொள்வார்.

ஊரின் வாடகை சைக்கிள்களை மேட்டுக்கு ஏற்றுவது அவர் வேலை. மேட்டுத்தெருக்காரர்கள் காலையில் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்து, ஒரு மிதிகூட மிதிக்காமல் கீழே ரயில் நிலையத்துக்கு வந்து இறங்குவார்கள். சாயங்காலம் அதே சைக்கிளை ஏறெடுத்தும் பார்க்காமல் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். கீழே சைக்கிள்கள் குவிந்து கிடக்கும், மேலே நிறுத்தம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே வேன்காரர் தினமும் அவற்றை டீசல் வேனில் அடுக்கி, கரும்புகை கக்கிக்கொண்டு மேட்டில் ஏற்றுவார். 'புகையில்லா ஊர் நம் ஊர்' என்று வேனின் பின்கதவில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. புகை கொஞ்சம் விலகினால் படிக்கலாம்.

முன் சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்து வருவாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையில் சைக்கிளில் சர்ரென்று இறங்கிவிடுவாள், சாயங்காலம் புருஷனோடு வேனில் ஏறிவிடுவாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களின் கதையெல்லாம் மேட்டு உச்சிக்குள் சொல்லி முடித்துவிடுவாள்.

ஒருநாள் சைக்கிள் ஆபீஸ் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வேன்காரரைக் கூப்பிட்டார்.

"நம்ம மேட்டு நிறுத்தம்தாங்க முதலிடம். கம்ப்யூட்டர்ல பாருங்க. தினமும் சாயங்காலம் ஒரு கூட்டமே சேர்ந்து மேட்டுல மிதிச்சு ஏறுது. ஒருத்தரும் நடுவுல நிக்கறதில்ல, எல்லாரும் ஒரே வேகம். உடற்பயிற்சிக் கூட்டம்னு நினைக்கிறேன். எவ்வளவு புகை மிச்சமாகுது தெரியுமா?"

அந்தக் கூட்டம் எது என்று வேன்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. ஓடிய தூரத்தைக் கணக்கெடுக்கும் கருவி ஒவ்வொரு சைக்கிளிலும் உண்டு. வேனில் ஏற்றுமுன் பொத்தானை அமுக்கி அதை அணைக்க வேண்டும். அந்தப் பொத்தானைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்திருந்தார்கள்.

"நாளைக்கு நகராட்சி அதிகாரி நேர்ல பார்க்க வர்றார்," என்றார் மேனேஜர். "சொன்ன மாதிரி கூட்டம் ஏறினா நிறுத்தம் இருக்கும். இல்லைன்னா மேட்டு நிறுத்தத்தையே எடுத்துடுவாராம்."

அன்றைக்கு வேனில் வேன்காரர்தான் பேசினார், மனைவி கேட்டாள்.

"எடுத்துட்டா என் வேலை என்னாகறது?" என்றாள். "முதல் பஸ் வர்றதுக்குள்ள கடையில பாதி துணி முடிஞ்சிருக்கும். எனக்காகக் காத்திருப்பாங்களா? வேற ஆளப் போட்டுடுவாங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. தன் சோம்பேறித்தனம் மனைவியின் பிழைப்பில் கை வைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம ஓட்டுங்க," என்றாள். "நாளைக்கு நான் எல்லாரையும் மிதிக்க வைக்கிறேன்."

மறுநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்ற மேட்டுத்தெருக்காரர்களை ஒருவர் விடாமல் பிடித்தாள். "இன்னைக்கு ஒருநாள் ஏறுங்க. இல்லைன்னா நாளையிலேருந்து இறங்கவும் சைக்கிள் கிடையாது." இறங்க முடியாது என்றதும் எல்லோரும் பதறிப்போனார்கள்.

கூட்டம் கிளம்பியது. தையல்காரர் முதல் விளக்குக் கம்பத்திலேயே இறங்கித் தள்ளினார். வங்கி அம்மாள் நின்று நின்று யாரையோ திட்டினாள். வேன்காரர் மனைவி மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரையும் முந்திப் போனாள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கூட வந்த போட்டோக்காரரை உச்சிக்கு அனுப்பிவிட்டு, தானும் ஒரு சைக்கிளை எடுத்தார். தொப்பையுள்ள மனிதர். பாதி மேட்டில் மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் இறங்கி நின்று மூச்சு வாங்கினார். பின்னால் காலியாக ஊர்ந்து வந்த வேனுக்குக் கை காட்டினார்.

வேன்காரர் அவர் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டார். குனியவில்லை. பழக்கதோஷம்.

வேன் நகர்ந்ததும் அதிகாரி தன் செல்போனைப் பார்த்தார். திரையில் அவருடைய பயணம் ஓடிக்கொண்டிருந்தது. தூரம் ஏறியது, மிச்சமான புகையின் அளவும் ஏறியது. ஜன்னல் வழியாக வந்த புகையில் இருமினார். பின்னால் கிடந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் வேன்காரரைப் பார்த்தார். தொலைந்தோம் என்று வேன்காரர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார்.

அதிகாரி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கடைசி வளைவுக்கு முன்னாடி இறக்கி விட்டுடுங்க."

நிறுத்தம் தப்பியது. கம்பீரமாக மிதித்து ஏறும் அதிகாரியின் போட்டோ இப்போது மேனேஜர் தலைக்கு மேலே தொங்குகிறது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் கரும்புகையும் தெரியும். அதை மாட்டிய பிறகு நிறுத்தத்தை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேன்காரர் இப்போது ஒவ்வொரு சைக்கிளுக்கும் குனிகிறார். இடுப்பு உண்மையாகவே வலிக்கிறது. ஒருநாள் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

"கூட்டம் கலைஞ்சுபோச்சே. ஒரே ஒரு சைக்கிள்தான் தினமும் ஏறுது. யாரா இருக்கும்?"

"எங்க வீட்டம்மா சார்," என்றார் வேன்காரர். "அன்னைக்கு ஏறிப் பார்த்ததிலேருந்து வேன் வேண்டாம்ங்கறா."

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் மேட்டில் அவளை முந்தும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார், அவள் முகத்தில் புகை அடிக்கக் கூடாதென்று. பக்கத்து சீட்டில் கதை சொல்ல ஆளில்லாமல் மேட்டு உச்சி ரொம்ப தூரமாகத் தெரிகிறது அவருக்கு.